மூன்றாம் மாதம்

பதினான்காம் மாடியில் எனக்கு
நாடு என்பது ஒரு நீண்ட பத்தி.
துறைமுகக் கிரேன்கள், சில்லு ஆலைகள், வங்கிகள்,
தேக்காவின் முடிதிருத்தும் கடைகள்
எல்லாம் இறங்கி வந்து
அடியில் ஒரே எண்ணாகும்.
மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று
செய்தியில் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு
வானிலைக்குப் போய்விடுவார்கள்.

காலாண்டு முடிந்த கையோடு கேட்பார்கள், எவ்வளவு?
எங்களிடம் இருப்பதோ இரண்டு மாதம்.
ஜனவரி வந்திருக்கும். பிப்ரவரியும் அநேகமாக.
மார்ச் இன்னும் யார் யார் மேசை இழுப்பறையிலோ.
எனவே மார்ச்சை நாங்களே போடுகிறோம்,
பழைய மார்ச்சுகளைப் பார்த்து,
பெருநாள் எந்தத் தேதியில் விழுந்தது என்று பார்த்து.
முன்மதிப்பீடு என்பது
அதற்கு நாங்கள் உடுத்திய சட்டை.

படிவம் அனுப்பாதவர்களைத்
தொலைபேசியில் பிடிப்பது என் வேலை.
ஒரு பரோட்டாக் கடை.
எங்கே என்று சொல்லக்கூடாது, சட்டம்.
வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.
சாவன்னா என்பதும் நானாக வைத்த பெயர்.

வியாபாரம் எவ்வளவு என்றேன். சொன்னார்.
மாவு, டின் நெய், எரிவாயு, கடை வாடகை
எல்லாம் கழியுங்கள் என்றேன்.
அவை வேறு யாரோ எழுதிவிட்ட வரிகள்,
ஒரே மாவை நாடு இருமுறை பிசையக்கூடாது.
"மூணு பசங்க சம்பளம், அதையும் கழிச்சிட்டேன்மா."
"அதைக் கழிக்காதீங்க."
"ஏன், சம்பளம் செலவில்லையா?"
"உங்களுக்குச் செலவு. நாட்டுக்கு இல்லை.
அவங்க கை சேர்த்தது கணக்குல நிக்கணும்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.
எங்கோ ஒரு கரண்டி விழுந்தது.
"இதை அவனுங்க கிட்ட சொல்லிடாதீங்க"
என்று சிரித்தார்.

மார்ச் படிவம் வரவில்லை.
நாங்களே அவருக்கு ஒரு மார்ச் செய்தோம்.
அதில் அவர் வழக்கம்போல் விடியலில் ஷட்டரைத் தூக்கினார்,
வழக்கம்போல் மாவு வீசினார்,
போன ஆண்டைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக.
ஏப்ரலில் எண் வெளியானது.
ஹுவே லிங் எல்லோருக்கும் காயா ரொட்டி வாங்கித் தந்தாள்.

மே மாதம் அவர் படிவம் வந்தது.
மார்ச், பதினேழு நாள் கடை இல்லை.
குறிப்புக் கட்டத்தில் இரண்டே சொல்:
ஆப்பரேஷன். நெஞ்சு.

திருத்தினேன்.
அந்தப் பதினேழு நாள்
உணவுத் துறையில் இறங்கியது,
சுகாதாரத் துறையில் ஏறியது.
ஏறியதில் இறங்கியதைக் கழித்தால்
சாவன்னாவின் நெஞ்சடைப்பால்
நாடு சற்றே வளர்ந்திருக்கிறது.
தசமப் புள்ளி அசையவில்லை,
அதற்கு அவர் போதாது.

எண்ணைக் குற்றம் சொல்லமாட்டேன்.
தராசிடம் போய் இனிப்பா புளிப்பா என்று கேட்டால்
பாவம், அது என்ன சொல்லும்?

ஜூனில் ஒரு சனிக்கிழமை அங்கே போனேன்.
கோசோங் ரெண்டு, தே ஓ ஒன்று.
கல்லாவிலிருந்து "அஞ்சாம் மேசை!" என்ற குரல்.
அதே குரல்.
மெலிந்திருந்தாரா தெரியாது,
முன்பு பார்த்ததில்லையே.
நான் யாரென்று சொல்லவில்லை. சட்டம்.
கல்லருகே ஒரு பையன்
மாவை விசிறி விசிறி
அந்தப் பக்கம் நிற்பவர் தெரியுமளவு மெலிதாக்கினான்.

நான்கு வெள்ளி இருபது காசு.
இரண்டாம் காலாண்டு. இதுவும் ஒரு மூன்றாம் மாதம்.
அடுத்த வாரம் போய்
இந்தக் கடைக்கு ஒரு ஜூன் போடவேண்டும்.
எவ்வளவு என்று தெரியவில்லை.
இன்னொரு பரோட்டா சொன்னேன்.